தரையில் எண்ணெய் சிந்தாத பட்டறை

நாற்பது வயது தாண்டிய லாரிகளுக்கு உரிய மரியாதை கிடைப்பதில்லை என்பதை அரசாங்கம் மிகுந்த வருத்தத்துடன் கண்டறிந்தது. உடனே அதற்கென்று ஓர் அலுவலகத்தையும், அலுவலகத்துக்குள் ஓர் அதிகாரியையும், அதிகாரிக்கு ஒரு ஜீப்பையும் ஏற்பாடு செய்தது. லாரிகளைக் கேட்டிருந்தால், மரியாதையெல்லாம் வேண்டாம், ஆளை விட்டால் போதும் என்று சொல்லியிருக்கும். அவற்றை யாரும் கேட்கவில்லை.

மரியாதை பதிவுத் தபாலில் வந்தது. மேட்டுத் தெரு வீடுகளுக்குத் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றும் லாரிக்காரர் அதைக் கையெழுத்துப் போட்டு வாங்கினார். அவருடைய லாரிக்கு நாற்பத்தாறு வயது. அவரைவிட இரண்டு வயது மூத்தது. மூக்கு நீண்ட பழைய மாடல். போன வாரம்தான் அது மேட்டுத் தெரு ஏற்றத்தின் பாதியில் ‘கடக்’ என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுப் படுத்துவிட்டது. அன்றிலிருந்து மேட்டுத் தெரு மக்கள் வாளியும் கையுமாக இறங்கி ஏறிக்கொண்டிருந்தார்கள்.

மனைவி கடிதத்தைச் சத்தமாகப் படித்தாள்.

“தங்கள் வாகனம் இன்று முதல் மரபு வாகனம் என்னும் பெருமைக்கு உரியதாகிறது. நாற்பத்தைந்து நாட்களுக்குள் அது தன் சொந்த எஞ்சினின் வலுவில் சோதனை மைதானத்துக்கு வந்து சேர வேண்டும். தவறினால் உரிய மரியாதைகளுடன் நசுக்கப்படும். எஞ்சின் வேலையை அங்கீகாரம் பெற்ற பட்டறையில் மட்டுமே செய்ய வேண்டும்.”

“நசுக்கறதுல என்னங்க மரியாதை?” என்றாள்.

“முதல்ல சல்யூட் அடிப்பாங்களா இருக்கும்.”

சொல்லிவிட்டாரே தவிர, லாரிக்காரர் கடிதத்தை வாங்கி இன்னொரு தடவை படித்தார். இருபத்திரண்டு வருஷமாக அந்த ஸ்டீயரிங்கைப் பிடித்த கை. அந்த லாரியை யாரோ தகடாக மடிப்பதை நினைத்தாலே அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாளே அலுவலகத்துக்குப் போனார்.

“சார், இந்த மாடல் எஞ்சினுக்கு நல்ல பட்டறை எதுன்னு சொல்லுங்க.”

அதிகாரி நிதானமாக மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “நல்ல பட்டறையா? அப்படி ஒரு பிரிவே எங்ககிட்ட இல்லையே. அங்கீகாரம் பெற்ற பட்டறை, பெறாத பட்டறை. ரெண்டே ரெண்டுதான்.”

பட்டியலிலும் இரண்டே பட்டறைகள் இருந்தன.

முதலாவது கண்ணாடிச் சுவர் வைத்தது. உள்ளே மெல்லிய இசை, காபி வாசனை. பளபளவென்று மெருகேற்றிய பழைய எஞ்சின்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கண்ணாடிப் பலகை, அதன் மேல் ஒரு பூச்சாடி.

“உங்க எஞ்சினை வட்ட மேசையா பண்ணலாமா, நீள மேசையா பண்ணலாமா?” என்று அங்கிருந்த இளைஞன் கேட்டான்.

“தம்பி, எனக்கு அது ஓடணும்.”

இளைஞன் முகம் வாடிப்போனது. “ஓடணுமா? பழைய எஞ்சினைப் போய் ஓட விடலாமா சார்? அதோட அழகு என்ன ஆகறது?”

இரண்டாவது பட்டறையின் தரை முழுக்க வெள்ளை ஓடு. முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்ளலாம். சுவரில் கருவிகள் உயர வரிசைப்படி தொங்கின. தொட்ட சுவடு ஒன்றில்கூட இல்லை. பட்டறைத் தலைவர் வெள்ளைச் சட்டையில் வந்து வரவேற்றார்.

“இங்கே எஞ்சின் பிரிச்சு மூணு வருஷம் ஆச்சு” என்றார் பெருமையாக.

“ஏன்?”

“பிரிச்சா எண்ணெய் சிந்தும். தரையில ஒரு சொட்டு இருந்தாலும் அங்கீகாரம் ரத்து. வாங்கின அங்கீகாரத்தைக் காப்பாத்திக்க வேண்டாமா?”

லாரிக்காரர் வீட்டுக்கு வந்து வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பதினான்கு நாள் போயிருந்தது. நடந்ததையெல்லாம் கேட்ட மனைவி சொன்னாள்: “அந்த அதிகாரிக்கு ஒரு ஜீப் இருக்குன்னீங்களே. அது படுத்துக்கிட்டா எங்கே போகுதுன்னு பாருங்க. அதுதான் பட்டறை.”

கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவள் சொன்னதை உடனே கேட்டது இதுதான் முதல் தடவை. அலுவலகத்துக்கு எதிரே இருந்த பெஞ்சில் போய்க் காத்திருந்தார். ஜீப் ஏற்கெனவே இருமிக்கொண்டுதான் இருந்தது. மூன்றாம் நாள் அது உயிரை விட்டது. டிரைவர் அதைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு, கிடங்குகளுக்குப் பின்னால் இருந்த சந்துக்குள் நுழைந்தான். லாரிக்காரர் பின்னாலேயே போனார்.

பெயர்ப்பலகை கிடையாது. தரையில் அரை விரற்கடை கனத்துக்கு எண்ணெய்ப் பிசுக்கு. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் ஜீப்புக்கு அடியிலிருந்து சறுக்கிக்கொண்டு வெளியே வந்தார். அக்கம்பக்கத்தில் அவரை மெக்கானிக்கம்மா என்று கூப்பிட்டார்கள்.

லாரிக்காரர் தன் லாரி படுத்த கதையைச் சொன்னதும், “கடைசியா எஞ்சின் ஆயில் எப்ப மாத்தினீங்க?” என்று கேட்டார்.

“ரெண்டு மாசம் இருக்கும்.”

மெக்கானிக்கம்மா கையைத் துடைத்துக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தார்.

“ஒரு வருஷம் ஆச்சுங்க” என்றார் லாரிக்காரர்.

“வண்டியைக் கொண்டு வாங்க. என்னிக்கு முடியும்னு மட்டும் கேக்காதீங்க.”

கேட்காமல் இருப்பது பெரும்பாடாக இருந்தது. மெக்கானிக்கம்மா கிராங்கைத் தேய்த்துச் சீராக்கினார். ஆறு சிலிண்டருக்கும் லைனர் மாற்றினார். எங்கேயும் கிடைக்காத ஒரு புஷ்ஷைத் தானே கடைசல் மெஷினில் கடைந்து எடுத்தார். வால்வுகளை ஒவ்வொன்றாக அரைத்து, மண்ணெண்ணெய் ஊற்றி, கசிகிறதா என்று உட்கார்ந்து பார்த்தார். நாற்பத்தோராம் நாள் மத்தியானம் சாவியைத் திருப்பச் சொன்னார். எஞ்சின் ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டு, மாவு மில் மாதிரி ஒரே சீராக ஓடியது. லாரிக்காரர் ஸ்டீயரிங்கில் முகத்தை வைத்து அழுதுவிட்டார்.

“கண்ணுல புகையா?” என்றார் மெக்கானிக்கம்மா.

“ஆமாங்க.”

“நான் கட்டின எஞ்சின்ல புகை வராது. அழறதுன்னா தாராளமா அழுங்க. ஆயிரம் கிலோமீட்டர் ஓடினதும் கொண்டு வந்துடுங்க, ஹெட் போல்ட்டை மறுபடி முறுக்கணும்.”

இனி அங்கீகாரம் பெற்ற பட்டறையின் சான்று வேண்டும். வெள்ளை ஓட்டுப் பட்டறைத் தலைவர் கேட்ட மாத்திரத்தில் எழுதிக்கொடுத்தார்.

“நீங்க எஞ்சினைப் பாக்கவே இல்லையே?”

“அதனாலதான் தைரியமா தர்றேன். எங்ககிட்ட வராத எஞ்சின்ல எங்களால எந்தத் தப்பும் நடந்திருக்காது. முழு உத்தரவாதம்.”

சோதனை மைதானத்தில் அதிகாரி லாரியை மூன்று தடவை சுற்றி வந்தார். காதை வைத்துக் கேட்டார். சான்றைப் படித்தார். அவர் முகம் மலர்ந்தது.

“பாத்தீங்களா, எங்க பட்டியல் எவ்வளவு அருமையா வேலை செய்யுதுன்னு! பொதுமக்கள் சார்பா இப்பேர்ப்பட்ட அனுபவசாலி ஒருத்தர் பட்டறை அங்கீகாரக் குழுவுல இருந்தே ஆகணும்.”

லாரிக்காரர் கூச்சப்பட்டார். வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை. நீல நாடாவில் கோத்த அடையாள அட்டை கழுத்துக்கு வந்தது. மேட்டுத் தெருவில் தண்ணீர் ஊற்றும்போதும் அதைப் போட்டுக்கொண்டே ஊற்றினார். “குளிக்கறப்பவாவது கழட்டி வைங்க” என்று மனைவி சொல்லிப் பார்த்தாள்.

குழுவின் முதல் கூட்டத்தில் ஒரே ஒரு விண்ணப்பம். அங்கீகாரம் இல்லாத பட்டறைகள் பதினைந்தாம் தேதி காலை பதினொரு மணியோடு எவ்வித வேலையும் செய்யாமல் மூடப்பட வேண்டும் என்று புது உத்தரவு வந்திருந்தது. அதனால் மெக்கானிக்கம்மா விண்ணப்பித்திருந்தார். ஆய்வறிக்கையில் ஒரே வரிதான் இருந்தது: ‘தரையில் எண்ணெய் காணப்பட்டது.’

அந்த அம்மாள் கை வைத்தால் எப்படி இருக்கும் தெரியுமா என்று சொல்ல லாரிக்காரருக்கு வாய் வரை வந்தது. சொன்னால், உமக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். கேட்டால் சான்று பொய்யாகும். பொய்யானால் லாரிக்கு சல்யூட் அடித்துவிடுவார்கள். அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி ஜன்னலுக்கு வெளியே நின்ற தன் ஜீப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்க கருத்து என்ன?” என்றார் அதிகாரி, திரும்பாமலே.

“விதின்னு ஒண்ணு இருக்கே சார்.”

“அதானே. இருக்கே.”

விண்ணப்பத்தைத் தள்ளி, பட்டறையை மூடச் சொல்லும் உத்தரவில் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். உத்தரவு போடுவதோடு சரி, யார் போய் நிறைவேற்றப் போகிறார்கள் என்று லாரிக்காரர் தன்னைத் தேற்றிக்கொண்டார். அந்தத் தேறுதல் வெகு சுலபமாக வந்ததும் அவருக்குக் கொஞ்சம் ஆச்சரியமாகத்தான் இருந்தது.

பதினான்காம் தேதி சாயங்காலம் லாரி ஆயிரம் கிலோமீட்டரைத் தொட்டது. மறுநாள் காலை அட்டையைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு சந்துக்குள் வண்டியை விட்டார். அங்கே ஜீப்பின் எஞ்சின் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் அதிகாரி நின்றுகொண்டிருந்தார்.

“நீங்க எங்கே இங்கே?” என்றார் அதிகாரி.

“சும்மா, இந்தப் பக்கமா வந்தேன் சார். நீங்க?”

“ஆய்வு.”

மெக்கானிக்கம்மா இருவரையும் கண்டுகொள்ளவில்லை. லாரியின் மூக்கைத் திறந்து பார்த்து, கேஸ்கெட் லேசாகக் கசிகிறது, மாற்றிவிடலாம் என்று போல்ட்டுகளை வரிசையாகக் கழற்றினார். எஞ்சினின் மூடியான ஹெட்டைத் தூக்கி மேசை மேல் வைத்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, டப்பாவிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்தார்.

“மணி பதினொண்ணு ஆயிடுச்சுங்க. வேலை நிறுத்தணும்னு உத்தரவு.”

“அம்மா, ஹெட்டை மட்டும் மூடிக் குடுத்துடுங்க” என்றார் லாரிக்காரர்.

“மூடறதும் வேலைதானே? ‘எவ்வித வேலையும்’னு போட்டிருக்கு. ரெண்டு பேர் கையெழுத்து இருக்கு. படிச்சுப் பாக்காமலா போட்டிருப்பாங்க?”

அதிகாரி தொண்டையைச் செருமினார். “நான் வேணும்னா தனிப்பட்ட முறையில...”

“வேண்டாங்க சார். உங்களுக்குக் கெட்ட பேரு வந்துடும். நான் மறுபடி விண்ணப்பிக்கிறேன். தரைதானே பிரச்சினை?”

அவர் வாளி நிறையத் தண்ணீரும் சோப்புத் தூளும் துடைப்பமும் கொண்டுவந்து, மூலையிலிருந்து தேய்க்கத் தொடங்கினார். கறுப்புத் தண்ணீர் வாசலை நோக்கி ஓடியது. பிசுக்குக்கு அடியிலிருந்து சிவப்புத் தரை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது.

“எங்க வண்டி?” என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

“இருக்கட்டும். அங்கீகாரம் கிடைச்சதும் பத்திரமா வெச்சுக்கறேன். அப்புறம் எண்ணெய் சிந்திடுமேன்னு நானும் எதையும் தொட முடியாதே. ஈரம் காயற வரைக்கும் வெளியே நில்லுங்க. கால் தடம் பட்டா குழுவுல ஒத்துக்க மாட்டாங்க.”

அதிகாரி ஷூவையும் குழு உறுப்பினர் செருப்பையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, தடம் விழாமல் கால் விரல் நுனியில் நடந்து வாசலுக்கு வந்தார்கள்.