கதை டைலரின் கனகா

அளவு ஜாக்கெட்டைக் கையில் கொடுத்த பிறகும் அளவு தப்பாகத் தைக்கத் தெரிந்தவள் இந்த உலகத்திலேயே ஒருத்திதான். அவள் எங்கள் சேக்காட்டுக் கதை டைலர். அப்படியும் அவள் கடையில் உட்கார இடம் கிடைக்காது. ஆவடியில் ஒழுங்காகத் தைக்கிறவர்கள் ஈ ஓட்டிக்கொண்டிருக்க, நாங்கள் கை ஏறாத ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டு அடுத்த துணியையும் கொடுத்துவிட்டு வருவோம்.

எல்லாம் கதைக்காகத்தான். மிஷினை மிதித்துக்கொண்டே சொல்லுவாள். அவளே கட்டிய கதை, பல வருஷமாக ஓடுகிறது. மல்லிகா, கனகா என்று அக்கா தங்கை. ஒரே ஓட்டு வீட்டில், ஒரே பட்டினியில் வளர்ந்தவர்கள். மல்லிகா காய்கறிக்காரர் கொசுறாகப் போடும் கறிவேப்பிலையைக்கூட வேண்டாம் என்பாள். கனகா கறிவேப்பிலையோடு சேர்த்துக் கடையையே கேட்பாள். கடைசியில் பெரிய பணக்கார வீட்டில் வாழ்க்கைப்பட்டு, அக்கா பக்கமே திரும்பிப் பார்க்காமல் இருக்கிறாள். போனில் அவள் நம்பரை எடுத்துப் பார்ப்பதோடு சரி.

இதில் எங்களுக்குள் இரண்டு கட்சி. ஏசி போட்ட பிளாட்டில் இருக்கும் எங்களுக்கெல்லாம் மல்லிகாதான் தெய்வம். "பசியிலயும் என்ன ஒரு நேர்மை" என்று ஒருநாள் நான் உருகிக்கொண்டிருந்தேன். வீட்டு வேலைக்குப் போகும் செல்வி, புடவைக்கு ஃபால்ஸ் வைக்க வந்தவள், என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னாக்கா நேர்மை? பசிக்குது, குடுக்கறாங்கோ, வாங்கித் துண்ண வேண்டியதுதான? கனகாதான் கரீக்டு. அவளாச்சும் நல்லா துன்னட்டும்."

டைலர் சிரித்த சிரிப்பில் கத்தரி வழுக்கி, என் ஜாக்கெட் கழுத்து ஒரு விரல்கடை இறங்கிவிட்டது.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தபோது கடைக்கே ஆபத்து வந்தது. கட்டடத்தை இடிக்கப் போகிறேன், காலி பண்ணு என்றார் ஓனர். டைலர் பக்கத்துத் தெருவில் ஒரு கடை பார்த்தாள். அட்வான்ஸுக்கு வழியில்லை. அந்த நேரம் பார்த்துக் காரில் வந்து இறங்கினார், பிளாட் கட்டி விற்பவரின் மனைவி. புரமோட்டரம்மா என்போம். அவரும் கதைக்காகவே வருகிறவர்தான். மகள் கல்யாணத்து ஜாக்கெட் மொத்தமும் உனக்கே என்று துணிக்கட்டையும் முன்பணத்தையும் மேசை மேல் வைத்தார். ஒரே ஒரு நிபந்தனை.

"கனகாவைக் கெட்டவளாக்காதம்மா. பணம் வந்தா மனசு போயிடுமா? அவ அக்காவை நல்லா பாத்துக்கட்டும்."

டைலர் கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்தாள், மறுபடி போட்டுக்கொண்டாள். "சரிம்மா" என்று பணத்தை டிராயரில் வைத்துப் பூட்டினாள்.

மறுநாளே கனகா திருந்திவிட்டாள். அக்காவுக்குப் பட்டுப்புடவை அனுப்பினாள். கோயிலுக்கு வெள்ளி விளக்கு கொடுத்தாள். வாசலுக்கு வந்தவர்களுக்கெல்லாம் மோர் ஊற்றினாள். கேட்கக் கேட்கக் கொட்டாவி வந்தது. அதைவிட மோசம், என் ஜாக்கெட் சொன்ன தேதிக்கு வந்தது. போட்டுப் பார்த்தால் கச்சிதமாக இருந்தது. எனக்குப் பயமாகிவிட்டது. கதையில் மனசில்லாததால் கை ஒழுங்காக வேலை செய்கிறது என்று புரிந்தது. "மோர் ஊத்தறதுக்கா பணக்காரி ஆனா?" என்று செல்வி பாதிக் கதையில் எழுந்து போய்விட்டாள்.

கடைசியில் பொறுமை இழந்தது புரமோட்டரம்மாதான்.

"என்னம்மா, கனகா இப்படி சப்புன்னு ஆயிட்டா?"

"நீங்கதானம்மா நல்லவளாக்க சொன்னீங்கோ."

"சொன்னேன். ஆனா இவ யாருன்னே எனக்குத் தெரியல. அந்தப் பழையவளைத் தெரியும்." கொஞ்ச நேரம் வளையலைத் திருகிக்கொண்டிருந்தார். "அக்கா நம்பரை எடுத்து எடுத்துப் பாத்துட்டு, பேசாமயே போனை வச்சிருவா இல்ல, அவளைக் கொண்டு வா. ஆர்டர் உனக்குத்தான்."

கோபம் தீர்ந்து திரும்பி வந்திருந்த செல்வி, நகர்ந்து தன் பக்கத்தில் அவருக்கு இடம் விட்டாள். கனகா அன்றைக்கே கோயிலுக்குப் போய் வெள்ளி விளக்கைத் திரும்பக் கேட்டாள். எங்களுக்கு உயிர் வந்தது.

புதுக் கடைக்குச் சாவி வாங்கிய அன்று, கூட்டம் கலைந்த பிறகு டைலரிடம் கேட்டேன். "அந்தம்மா பழைய கனகாவைக் கேக்காமயே இருந்திருந்தா என்ன பண்ணியிருப்ப?"

நூலைப் பல்லால் கடித்தாள். "துணி, துட்டு ரெண்டையும் திருப்பிக் குடுத்திருப்பேன்க்கா. டிராயர்லயேதான் வச்சிருந்தேன், தொடல."

"அப்ப கடை?"

"ஊட்ல மிஷினப் போட்டுகினு இருந்திருப்பேன். கனகா எத்தினி வருசமா கூடவே குந்திகினு கீறா. அவளைத் தொர்த்திட்டு யாரோட பேசிகினு தைக்கறது?"

இத்தனை வருஷமாக நாங்களும் கூடத்தான் உட்கார்ந்திருக்கிறோம் என்று வாய் வரை வந்தது. சொல்ல வெட்கமாக இருந்தது. பையைத் துழாவி, எனக்குத் தேவையே இல்லாத இன்னொரு ஜாக்கெட் துணியை எடுத்து அவளிடம் நீட்டினேன்.