அருளப்பு மச்சானுக்கு இரண்டு விரால்

முதலில் இரைச்சல்தான் கேட்டது. கண்ணைத் திறக்கவில்லை. பெரிய லொறி ஒன்று நின்ற இடத்திலேயே நின்று உறுமுவதுபோல, மூச்சு விடாத ஒரு இரைச்சல்.

குளத்துக் கதவைத் திறந்துவிட்டார்கள். ஆறு வருகிறது.

நான் ஒரு அரிசி ஆலையில் இரவுக் காவல். ஊர் எழும்புகிற நேரத்தில் வந்து படுப்பவன். அப்படிப் படுக்கிறவனை நித்திரையும் பெரிதாக மதிப்பதில்லை. அன்றைக்கும் இரண்டு மணித்தியாலம்தான் கூட இருந்தது.

"இஞ்சருங்கோ, எழும்புங்கோ. ஆத்தடிக்குப் போய் ரெண்டு விரால் வாங்கிக்கொண்டு வாங்கோ."

என் மனைவி றெஜினா. வேலை அவ்வளவுதான். போவது, வாங்குவது, வருவது.

"இப்ப என்னத்துக்கு விரால்?"

"அண்ணா வாறார். மத்தியானத்துக்கு இஞ்ச நிப்பார்."

அண்ணா என்றால் அருளப்பு மச்சான். முல்லைத்தீவுக் கடற்கரையில் பிறந்தவர், கடலிலேயே வளர்ந்தவர். எங்களுக்குக் கலியாணம் முடிந்து இருபது வருடம். இந்த இருபது வருடத்தில் மீன் இல்லாமல் அவர் எங்கள் படலையைத் திறந்ததில்லை. பாரை, சீலா, விளைமீன். பையைக் குசினி வாசலில் வைத்துவிட்டு என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிப்பார். நான் நெல் விதைக்கிற குடும்பத்துப் பிள்ளை. அந்தச் சிரிப்புக்கு என்னிடம் பதில் கிடையாது.

"மீன் அவரெல்லோ கொண்டு வாறவர்?"

"மூண்டு கிழமையாக் கடல் அடிக்குது. வள்ளம் இறக்கேல்லை. முதன்முதலா வெறுங்கையோட வாறார். போனில அந்த மனிசனுக்குக் குரலே இல்லை. வந்து இருக்கேக்க சட்டியில மீன் கொதிச்சால் கொஞ்சம் மறந்திருப்பார். விளங்குதோ?"

விளங்கியது. என்ன பிரச்சினை என்றால், எனக்கு எதுவும் அளவோடு விளங்குவதில்லை.

வாங்கினால் அது யாரோ பிடித்த மீன். நானே பிடித்தால்? இருபது வருடத்துச் சிரிப்புக்கு ஒரே நாளில் பதில்!

நான் எதையும் ஒருவரிடமும் போய்ப் படித்ததில்லை. எல்லாம் காவல் கொட்டிலில் இருந்து, போனைப் பார்த்து, நானே படித்தவை. மணிக்கூடு திருத்தப் படித்தேன். வீட்டில் இருந்த இரண்டு மணிக்கூடும் அதோடு நின்றன. அண்மைக்காலமாகப் படித்தது மீன்பிடி. எங்கேயோ ஒரு குளிர்நாட்டில், கடல் மாதிரி அகலமான ஆறு உறைந்துபோய்க் கிடக்க, மனிசர் அதில் துளை போட்டு மீன் பிடிக்கிறார்கள். அவர்களிடம் நான் கற்ற பாடம்: குளிர்காலத்தில் மீன் ஓடும் தண்ணீரில் நிற்காது, அசையாத இடம் தேடிப் போகும்.

எங்கள் மார்கழிக் குளிருக்கு ஒரு சேட் போட்டால் போதும் என்பது ஒரு சின்ன வித்தியாசம். அதை நான் பெரிதாக எடுக்கவில்லை.

வலை இருந்தது. மச்சானுடைய வீச்சுவலை. கடற்கரை வீட்டில் ஈரம் என்று, மாரி முடியும்வரை எங்கள் கொட்டிலில் தொங்கவிட்டுப் போயிருந்தார். அவர் தன் கையாலேயே பின்னிய வலை. றெஜினா குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தா. வலையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு சத்தம் போடாமல் வெளிக்கிட்டேன்.

பாலத்தடியில் ஊர்ச்சனம் முழுக்க நின்றது. வாளி, சாக்கு, நுளம்புவலை. ஒருவர் சேலையால் மீன் அள்ளிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, விரால் வேணுமோ? உயிரோட துடிக்குது!"

"வேண்டாம்" என்றேன். சொன்ன விதம், நாடி பிடித்துப் பார்க்கிற வைத்தியர் மாதிரி.

அந்த இடத்தில் வாங்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை. நானும் போய்ப் படுத்திருப்பேன்.

சனம் நின்ற இடம் எல்லாம் ஓடும் தண்ணீர். பாவங்கள், படிக்காத ஆட்கள் என்று நினைத்தேன். றோட்டோரமாகக் கொஞ்சத் தூரம் சைக்கிளை உழக்கினேன். கிடைத்தது! கண்ணுக்கு எட்டியவரை அகலமான, அசையாத தண்ணீர். ஒரு அலை இல்லை. கரையில் ஒரு மனிசன் குடை பிடித்துக்கொண்டு குந்தி இருந்தார். வேறு ஒருவரும் இல்லை.

வீச்சுவலை எறிகிற முறை இது: கயிற்று நுனியை மணிக்கட்டில் கட்டவேண்டும். வலையின் ஒரு ஓரத்தைப் பல்லால் கடிக்கவேண்டும். சுழற்றி எறியும்போது பல்லை விடவேண்டும்.

கடைசி வரியை நான் மறந்துபோனேன்.

வலை போனது. முன்பல்லும் கூடவே போகப் பார்த்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. குடைக்காரர் தலையை ஆட்டினார்.

"பரவாயில்லை, நல்லா எறியுறியள். இன்னொருக்கால் எறியுங்கோ."

எறிந்தேன். புல் வந்தது. எறிந்தேன். ஒரு செருப்பு வந்தது, இடது கால்.

"கொஞ்சம் அங்காலப் பக்கம் எறியுங்கோ அண்ணை. ஓம், ஓம், அப்பிடித்தான். தண்ணியை நல்லா அடியுங்கோ!"

ஒரு மணித்தியாலம் எறிந்தேன். என் வாழ்க்கையில் இவ்வளவு நேரம் தொடர்ந்து எனக்கு உற்சாகம் தந்த மனிசன் அவர் ஒருவர்தான். அப்போதே யோசித்திருக்கவேண்டும்.

பிறகு வலை பிடித்துக்கொண்டது. இழுத்தேன், வரவில்லை. பலமாக இழுத்தேன். நான் போனேன்.

இடுப்பளவு தண்ணீர். கால் சேற்றில் புதைந்தது. மணிக்கட்டில் முடிச்சு இறுகியது. அந்த முடிச்சும் நானே படித்ததுதான். இழுக்க இழுக்க இறுகும். அவிழ்ப்பது எப்படி என்ற பாகத்தை நான் இன்னும் பார்த்திருக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து முல்லைத்தீவு பஸ் வந்தது. முன்னால் றோட்டுக்கு மேலால் தண்ணீர் ஓடியதால் டிரைவர் பஸ்ஸை நிற்பாட்டினார். நான் நின்ற இடத்துக்கு நேரே. சனம் முழுக்க இறங்கியது. மழை வெள்ளத்தில் ஒரு நாடகம், அதுவும் இலவசம்.

"ஐயோ, அந்த மனிசன் தண்ணிக்குள்ள நிண்டு என்ன செய்யுது?" என்றா ஒரு அம்மா.

"குளிக்குது போல" என்றார் கொண்டக்டர்.

"கையைக் கட்டிக்கொண்டோ?"

"ஆத்தில இழுபட்டுப் போகப்போறார், ஆரும் பிடியுங்கோ!"

அப்போதுதான் குடைக்காரர் எழும்பி, ஆறுதலாகச் சொன்னார்.

"அது ஆறில்லை. ஆறு அங்கால. இது என்ர வயல். அவர் பிடிச்சுக்கொண்டு நிக்கிறது என்ர முள்ளுக்கம்பி வேலி."

பஸ் சிரித்தது. முழு பஸ்ஸும்.

"முதலே சொல்லியிருக்கலாமே!" என்று கத்தினேன்.

"நீங்கள் இஞ்சால அடிக்க, மீனெல்லாம் வெருண்டு அங்கால வாய்க்கால்ல வைச்ச என்ர கூட்டுக்குள்ள விழுந்துகொண்டிருந்தது. எப்பிடி அண்ணை சொல்லுறது?"

நான் பதில் யோசிக்கமுன் றோட்டிலிருந்து இன்னொரு குரல்.

"டேய் விசரா, இழுக்காத! வலைக்கண் அறுந்துபோகும்! அது என்ர வலையெல்லோ!"

அருளப்பு மச்சான். அவர் முதலில் அடையாளம் கண்டது வலையை. பிறகுதான் வலையில் தொங்கிய ஆளை.

"அட கடவுளே. மச்சானோ!"

சேட்டைக் கழற்றி அந்த அம்மாவிடம் கொடுத்துவிட்டு இறங்கினார். திட்டவில்லை. ஒவ்வொரு முள்ளாகத் தடவித் தடவி வலையைக் கழற்றினார். என் முடிச்சை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது என்ன முடிச்சு மச்சான்?"

"நானே படிச்சது."

"ஓம், தெரியுது" என்றுவிட்டுப் பல்லால் இழுத்து அவிழ்த்தார்.

குடைக்காரர் தன் கூட்டைத் தூக்கிக் காட்டினார். நிறைய விரால். இரண்டைப் பனையோலையில் கோர்த்து என் கையில் தந்தார்.

"பிடியுங்கோ. வெருட்டினதுக்கு உங்கட பங்கு."

"வயல் என்ன மாதிரி?" என்று கேட்டார் மச்சான்.

"நாப்பது நாள் பயிர். உந்தத் தண்ணிக்குக் கீழதான் கிடக்கு. மீனாவது வரட்டும்."

நான் பனையோலையை விரலில் சுற்றிக்கொண்டு அந்தத் தண்ணீரைப் பார்த்தேன்.

தண்ணீர் வடியும்வரை பஸ் போகாது என்றார்கள். நாங்கள் நடந்தோம். நான் சைக்கிளை உருட்டினேன். பின்னால் வலை, ஒரு கையில் விரால். மச்சானின் கையில் ஒரு பை. அதை எனக்குத் தெரியாத பக்கமாகவே பிடித்துக்கொண்டு வந்தார். எட்டிப் பார்த்தேன். ஒரு பிஸ்கட் பைக்கற்.

கண்டுவிட்டார்.

"என்ன செய்யிறது மச்சான்? ஆஸ்பத்திரியில ஆளைப் பாக்கப் போறமாதிரி தங்கச்சி வீட்டுக்குப் பிஸ்கட்டோட வாறன்."

பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு நடந்தார்.

படலை தெரிந்தது. உயிரோடு துடிக்கிற விரால், என் கையில், மச்சானுக்கு முன்னால். ஒரு மணித்தியாலம் நான் வயலோடு சண்டை பிடித்தது இந்த நிமிடத்துக்காகத்தான்.

"மச்சான், இது வழுக்குது. எனக்கு மீன் பிடிச்சுப் பழக்கமில்லை. நீங்கள் கொண்டு வாங்கோ. அதை இஞ்ச தாங்கோ."

அவர் என்னைப் பார்த்தார். நான் சைக்கிள் செயினைப் பார்த்தேன். பை கைமாறியது.

அருளப்பு மச்சான் படலையைக் காலால் தள்ளித் திறந்தார், இருபது வருடமாகத் திறக்கிற அதே மாதிரி.

"தங்கச்சி! சட்டியை வை!"

"அண்ணா! இந்தக் கடல் அடிக்கேக்கயும் மீனோட வந்திட்டியளே!" றெஜினா குசினியிலிருந்து ஓடி வந்தா. பிறகு அவருக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தா. தலையிலிருந்து கால்வரை சேறு. பல்லில் இரத்தம்.

"நீங்கள் இவ்வளவு நேரமும் எங்க போனனீங்கள்?"

பையை நீட்டினேன்.

"பிஸ்கட் வாங்க."

அவா பையை வாங்கிக்கொண்டு சட்டி வைக்கப் போனா. மச்சான் வலையை மடியில் விரித்து, அறுந்த கண்களைத் தேடத் தொடங்கினார். நான் அடுப்பிலிருந்து ஒரு சிரட்டை சாம்பல் அள்ளிக்கொண்டு, அவர் வருகிற நாளில் எல்லாம் செய்வதுபோல, கிணற்றடியில் குந்தி மீனை உரசினேன்.