கை தெரிந்தால் நேராகப் போ

பெருமதிப்பிற்குரிய கேப்டன் மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கை கணவன், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன், பணிவோடு எழுதுவது. நீங்களும் உங்கள் கப்பலும் கவிழாமல் சுகமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே உங்கள் தங்கை நலம், கடை நலம். நான்தான் நலமில்லை.

உங்கள் மருமகள், அதாவது என் மகள், கப்பல் அதிகாரி சான்றிதழ்த் தேர்வில் தவறிவிட்டாள். எழுத்துத் தேர்வில் முதலிடம், வாய்மொழித் தேர்வில் கேட்டவரையே திணறடித்தவள், கடைசியில் அந்தப் போலிக் கப்பல் அறையில் கோட்டை விட்டாள். உங்களுக்குத் தெரியாததா? சுற்றிலும் திரை, திரையில் கடல், நடுவில் சுக்கான். தரை அசையாது, வயிறு மட்டும் அசையும். குறுகலான கால்வாய் வழியாகக் கப்பலைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோனால் போதும். இவளோ பாதி வழியில் சுக்கானைத் திருப்பி, கப்பலை மணல்திட்டில் ஏற்றிவிட்டாள். கேட்டால், தண்ணீரில் ஒரு ஆள் கையைத் தூக்கிக்கொண்டு இருந்தாராம்!

"நாங்க ஆளே போடலையேம்மா" என்றாராம் தேர்வாளர். கண்ணாடிக் கடைக்காரன் மகளுக்கே கண் கோளாறு என்றால் ஊர் சிரிக்காதா? கடையில் உட்கார வைத்துச் சோதித்தேன். எழுத்து அட்டையின் கடைசி வரியைப் படித்ததோடு, அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயரையும் படித்தாள். சரி, ரெண்டில் ஒன்று பார்த்துவிடலாம் என்று கல்லூரிக்கே போய், அந்தத் திரைகளை இயக்குபவரைப் பிடித்து ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

"ஆள் இருக்காரு சார். யார் போட்டாங்கன்னுதான் தெரியல. அழிச்சுப் பாத்தோம், திரும்ப வந்துட்டாரு."

"அப்ப மத்த பிள்ளைங்க கண்ணுக்குத் தெரியலையா?"

"எல்லாருக்கும் தெரியும் சார். சீனியருங்க சொல்லிக் குடுத்துடுவாங்க, கை தெரிஞ்சா நேராப் போன்னு. அப்படிப் போனவங்கதான் இப்ப கப்பல் ஓட்டுறாங்க."

பாதி டீயோட கிளம்பி வந்துட்டேன் மச்சான். போன வருஷம் நீங்களும் அதே அறையில்தானே சான்றிதழைப் புதுப்பிச்சீங்க, ஒரே தடவையில தேறினீங்க. பாத்தீங்களான்னு நான் கேக்கல. கேட்டா குடும்பத்துல வீண் சண்டை.

வீட்டுக்கு வந்து, "உனக்கும் சொல்லித்தானே குடுத்தாங்க, அப்புறம் என்னடி கேடு?"ன்னு கத்தினேன்.

"தண்ணியில ஆளைப் பாத்தா எதையும் யோசிக்காம திரும்பணும், முதல் வருஷப் பாடமே அதுதானேப்பா."

"அது நிஜக் கடல்லடி!"

"அவர் என்னைப் பாத்தாருப்பா."

அடுத்த வாரம் மறுதேர்வு. அதிலும் தவறினால் அவளுக்குச் சான்றிதழும் இல்லை, கடலும் இல்லை. சின்ன வயசிலிருந்து அவளுக்கு வேறு ஆசையே கிடையாது. தாய்மாமன் சொன்னால் தட்ட மாட்டாள். கண்ணை மூடிக்கிட்டு நேராப் போகச் சொல்லுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

காற்று உங்கள் பக்கமே வீசட்டும், கரை உங்களை மறக்காமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கை கணவன்

பி.கு.: இதைத் தபாலில் போடாமல் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன், நல்லதாப் போச்சு. மேலே எழுதியது ஒண்ணும் வேண்டாம், அவளிடம் எதுவும் சொல்லாதீங்க. மறுதேர்வு இன்னைக்கு முடிஞ்சுது. திரைக்காரர் தயவில் பின்கதவு வழியாக நானும் உள்ளே நின்றேன். பாதிக் கால்வாயில் கை தெரிந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டேன், அப்பவும் தெரிஞ்சுது. வழுக்கைத் தலை, என் வயசுதான் இருக்கும். இவள் பல்லைக் கடிச்சுக்கிட்டு நேராத்தான் போனாள், எனக்காக. அந்த ஆள் அவளை விட்டுட்டு என்னைப் பார்த்தார் மச்சான். "திருப்புடீ!"ன்னு நான் போட்ட கூச்சலில் தேர்வாளர் நாற்காலியோடு சாய்ந்துவிட்டார். திருப்பினாள். சான்றிதழ் போச்சு. மணலில் உரசிக்கொண்டே கப்பல் அவர் பக்கத்தில் போய் நின்றது. எத்தனை வருஷமாத் தூக்கிக்கிட்டு இருந்தாரோ, அந்த ஆள் கையைக் கீழே இறக்கினார்.