மச்சான் தலை எங்கே?

பென் டிரைவில் இடமில்லை என்று கம்ப்யூட்டர் மறுபடியும் சொன்னதும் அருள்தாஸ் மேசையில் ஓங்கி ஒரு குத்து விட்டான்.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஃப்ளெக்ஸ் பேனர் கடை வைத்திருப்பவன். கிழட்டு விண்டோஸில் புது டிசைன் சாஃப்ட்வேர் ஓடமாட்டேன் என்றது. புதுசுக்கு மாறுவதற்கு முன்னால் ஃபைல்களைப் பத்திரப்படுத்த வேண்டும். அதில் முக்கியமானது முனிரத்தினம் மகள் கல்யாண பேனர். நாளைக்குக் கல்யாணம், இன்னும் அச்சாகவில்லை. பொண்ணு மாப்பிள்ளையைச் சுற்றி சொந்தக்காரர்கள் தலையே ஒரு கூடை தேறும். "மாகறல் மச்சான் தலய மேல ஏத்து", "ஐயையோ, எங்கண்ணன் கோச்சுக்குவாரு, எறக்கு" என்று மனுஷன் தினமும் வந்து உட்கார்ந்து உயிரை வாங்கிவிட்டார்.

"பென் டிரைவுல கீற பாட்டெல்லாம் அழிச்சிடுங்க, எடம் வந்துடும்" என்றாள் மனைவி நதியா.

அழித்தான். ஒரே ஃபைல் இரண்டு இடத்தில் எதற்கு என்று எல்லாவற்றையும் 'கட்' செய்து பென் டிரைவுக்கு மாற்றினான். மகா புத்திசாலி! கல்யாண பேனரும் சேர்த்து முக்கால்வாசி போனபோது கரண்ட் போய்விட்டது.

கரண்ட் வந்தது. பென் டிரைவ் திறக்கவில்லை. 'ஃபார்மட் செய்யவா?' என்று மரியாதையாகக் கேட்டது.

"இன்னாங்க கேக்குது?"

"இன்னாவோ கேக்குது. ஆமான்னாதான் தொறக்கும்போல கீது."

தட்டினான். திறந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

"போச்சு! முனிரத்தினம் அண்ணன் என் தோல உரிச்சிடுவாரு!"

"எல்லார் கிட்டயும் ஃபோட்டோ திரும்பக் கேட்டு வாங்குங்க."

மாகறல் மச்சானுக்குப் போன் போட்டான்.

"இன்னொரு தபா அனுப்பணுமா? அப்போ என் தலய எடுத்துட்டானா? எல்லாம் அவன் அண்ணங்காரன் வேல! தோ, கல்யாண வூட்டுக்கே வரேன்!"

அண்ணனுக்குப் போட்டான். அவரும் கிளம்பிவிட்டார்.

அருள்தாஸ் பைக்கை விரட்டினான். கல்யாண வீட்டு வாசலில் அதற்குள் ஒரே கூச்சல். பின்பக்கமாக நுழைந்தால், முனிரத்தினம் அடுப்படியில் பதுங்கியிருந்தார்.

"அண்ணே, பேனரு மொத்தமும் அழிஞ்சுபோச்சுண்ணே. நல்ல நாள்ல உங்க மானத்த வாங்கிட்டேன்." சொல்லும்போதே பாவம், அழுதுவிட்டான்.

முனிரத்தினம் வாசலை எட்டிப் பார்த்துவிட்டு, "வேற எங்கனா காப்பி கீதா?" என்றார் மெதுவாக.

"இல்லண்ணே. எங்கயும் இல்ல."

முனிரத்தினத்தின் மனைவி அவன் முன்னால் இட்லித் தட்டை வைத்தாள். "அழுவாம நாஷ்டா துன்னு தம்பி. அந்த பேனரு எப்டியாச்சும் தொலையணும்னுதான் இவரு காலைல புள்ளையாருக்குத் தேங்கா ஒடச்சிட்டு வந்தாரு."