கம்னுகெட கடலில் தூக்கிப்போட்ட எச்சரிக்கை

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை, கணினியோடு வாய்ச்சண்டை போடுவதற்கென்றே சம்பளம் வாங்கிய மனிதர் ஒருவர்தான். பெற்றோர் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி. எங்களுக்கு அவர் 'கம்னுகெட'.

திருவொற்றியூரில் எங்கள் அலை ஆய்வுக்கூடம். பழைய கணினிகள் சிலவற்றைச் சாதாரணக் கேபிளால் பிணைத்து, புயலில் கடல் எவ்வளவு தூரம் உள்ளே வரும் என்ற ஒரே கணக்கைப் பங்கிட்டுச் செய்யவைப்போம். அந்த மென்பொருளுக்கு ஒரு குணம். 'அதிவேக நெட்வொர்க் கார்டு இல்லை' என்று ஒவ்வொரு கணினியும் முதலில் முறையிடும். அந்தக் கார்டு எங்களிடம் என்றுமே இருந்ததில்லை. எங்கள் கணக்குக்குத் தேவையுமில்லை.

கணினிகளைப் பராமரித்த கம்னுகெட ஒவ்வொன்றுக்கும் வாயால் பதில் சொல்வார்: "இல்லதான். கேபிள்தான் கீது. இன்னா இப்போ? கம்னு கெட!"

மென்பொருளின் அமைப்பில் ஒரு வரி சேர்த்தால் முறையீடு நின்றுவிடும். சேர்க்கச் சொன்னேன்.

"அப்பால நான் யாராண்ட சார் பேசுறது?"

ஒரு புயலுக்கு முந்திய காலை, குப்பத்துத் தலைவர் வந்தார். கரையோர வீடுகளைக் காலி செய்வதா என்று அவர் சொல்ல வேண்டும். கணக்கை ஓடவிட்டோம். திரை முழுக்கச் சிவப்பு எழுத்தில் அதே முறையீடு.

"இன்னா சார், மிஷினே கோளாறுன்னு கூவிகினு கீது! இத்த நம்பி ஜனங்க வூட்ட வுட்டுப் போவணுமா?" தலைவர் எழுந்துவிட்டார்.

நான் விளக்கத் தொடங்கி, முன்னுரையிலேயே தொலைந்தேன். கம்னுகெட குறுக்கிட்டார்.

"அண்ணாத்த, உன் போட்டுல ஏரோப்ளேன் இஞ்சின் கீதா?"

"இல்ல."

"அது இல்ல, இல்லன்னு ஒருத்தன் தெனிக்கும் போட்டுல குந்திகினு கத்துனா?"

"கடல்ல தூக்கிக் கடாசிருவேன்."

"அதான் இப்ப செய்யப் போறேன்."

அந்த வரியை எழுதினார். நேரமில்லை, எல்லா எச்சரிக்கைகளையுமே அடக்கிவிடலாமே என்றேன்.

"ஒருத்தன் சும்மா கத்துறான்னு ஊரு வாயவே தெக்கலாமா சார்?"

மீண்டும் ஓடவிட்டோம். திரையில் கடல் மட்டும் இருந்தது. அது வீடுகளுக்குள் நுழைந்தது. தலைவர் குப்பத்துக்கு ஓடினார். மாலைக்குள் குப்பம் காலியாயிற்று. மறுநாள் அலை உள்ளே வந்தபோது அங்கே யாருமில்லை.

ஆனால் கம்னுகெடவுக்கு அதன்பின் வேலையில் சுவையில்லை. "மாமியா ஊருக்குப் போன வூடு மாரி கீது சார்" என்று மௌனத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்த மழைக்காலத்தில் அவர் காலமானார். காரியம் முடிந்து அலுவலகம் வந்த அன்று, அவர் எழுதிய வரியை நீக்கிவிட்டுக் கணக்கை ஓடவிட்டேன். 'இல்லை' என்றது முதல் கணினி. 'இல்லை' என்றது அடுத்தது. அதட்ட ஆளில்லை.

அவருடைய பாஷை எனக்கு வராது. இருந்தாலும் சொன்னேன்: "தெரியும் நைனா. கம்னு கெட."