வயசுக்கு நார்மல்

"இனிமே ஒரே வீட்டுல இருக்க முடியாது."

மருமகளின் குரல்தான், சந்தேகமே இல்லை. படுக்கையறைக் கதவுக்குப் பின்னாலிருந்து வந்த அந்த ஒரு வாக்கியம், கூடத்தில் மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்த மாமனாரின் காதில் தெளிவாக விழுந்தது. அதற்கப்புறம் எல்லாம் குசுகுசு. கதவு திறந்ததும் மகனும் மருமகளும் அவரைப் பார்த்து ஒரே நேரத்தில் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவருக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

ஆக, தன்னை எங்கேயோ கொண்டுபோய்த் தள்ளப் போகிறார்கள். மனைவி போன பிறகு இந்த வீட்டை விட்டால் அவருக்கு வேறு போக்கிடம் கிடையாது.

மனிதர் லேசுப்பட்டவர் இல்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காலம் தள்ளியவர். லைன் செத்துவிட்டதா, அல்லது எதிர்முனையில் ஆள் வாயைத் திறக்காமல் இருக்கிறாரா என்று கேட்ட மாத்திரத்தில் சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட காதுக்கு ஒரு குசுகுசு பிடிபடாமல் போவதாவது? ஒருவேளை காதே மக்கர் பண்ணுகிறதோ என்று, யாரிடமும் சொல்லாமல் காது டாக்டரிடம் போனார்.

ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். இவர் முந்திரிக்கொட்டையாகச் சத்தம் வருமுன்பே அழுத்தி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

"உங்க வயசுக்கு நார்மல்," என்றார் டாக்டர்.

"அதென்ன வயசுக்கு?"

"கீச்சுன்னு வர்ற சத்தம் கொஞ்சம் குறையும். கூட்டத்துல பேச்சு குழம்பும். எல்லாருக்கும் வர்றதுதான். எதிர்ல உக்காந்து பேசினா நல்லாவே கேக்கும்."

அப்படியென்றால் கோளாறு தன் காதில் இல்லை, அவர்கள் வாயில்தான் இருக்கிறது. மாமனார் ஒரு திட்டம் போட்டார். டாக்டர் கையை விரித்துவிட்டதாகவும், இரண்டு காதும் அவுட் என்றும் வீட்டில் அறிவித்தார். செவிடன் முன்னால் யார் குசுகுசுப்பார்கள்? தாராளமாகப் பேசுவார்கள், ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொள்ளலாம். மருமகளுக்குக் கண் கலங்கியது. என்னமாய் நடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

அன்றைய சாப்பாட்டு மேசையில்தான் வினை. மகன் வாயை அசைத்தான். மருமகள் தலையாட்டிவிட்டுத் தானும் வாயை அசைத்தாள். சத்தம் மட்டும் துளிக்கூட இல்லை! தம்ளரில் தண்ணீர் விழுவது கேட்கிறது, கடிகாரம் ஓடுவது கேட்கிறது, இவர்கள் பேசுவது மட்டும் கேட்கவில்லை. கரண்டியைக் கீழே போட்டு, அதை எடுக்கிற சாக்கில் மருமகள் பக்கம் காதைக் கொண்டுபோனார். ஊஹூம்.

வேர்த்து விறுவிறுத்து மறுபடி டாக்டரிடம் ஓடினார். டாக்டர் அதே பாட்டைத்தான் பாடினார். வெளியே வரும்போது, மகன் டாக்டரையும் கைக்குள் போட்டுக்கொண்டான் என்று மாமனாருக்கு உறுதியாகிவிட்டது.

அவர்களாகத் துரத்துவதற்குள் தானே கிளம்பிவிடுவது என்று பெட்டியில் துணியை அடுக்கினார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்து, மகளைப் பார்க்க சம்பந்தியம்மா வந்து சேர்ந்தார். செவிடருக்கென்று தெருவே கேட்கும்படி நலம் விசாரித்தார். மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்தார்கள்.

"கத்தாதீங்க சம்பந்தி. எனக்கு நல்லா கேக்கும். சும்மா நடிச்சேன்," என்றார் மாமனார். "ஆனா அவங்க ரெண்டு பேரும் பேசுறது மட்டும் ஒண்ணுமே கேக்க மாட்டேங்குது. உண்மையைச் சொல்லுங்க. என்னை எங்க அனுப்பப் போறாங்க?"

சம்பந்தியம்மா பெட்டியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"உங்களை யாரு அனுப்பப் போறா? புருஷனும் பொண்டாட்டியும் பிரியப் போறோம்னு நின்னாங்க, அது உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னுதான் இத்தனை நாள் உங்க முன்னாடி மட்டும் பல்லைக் கடிச்சுக்கிட்டு ஒருத்தரோட ஒருத்தர் பேசிட்டிருந்தாங்க; நீங்க காது போச்சுன்னு சொன்னீங்க பாருங்க, அன்னையிலேர்ந்து பேசுற மாதிரி வாயை மட்டும் அசைச்சா போதும்னு விட்டுட்டாங்க."