பதினோராவது மானிட்டர்

டயர் காற்றழுத்த மானிட்டரில் எண்கள் தெரிய வேண்டிய நான்கு இடங்களிலும் வெறும் கோடுகள்தான் தெரிந்தன.

"இன்னும் முழிச்சுக்கல," என்றார் ஆர்லோ டிட்மன். "சக்கரம் கொஞ்ச தூரம் உருண்டாதான் சென்சாருக்கு உசுரு வரும்."

"இருபத்தஞ்சு மைல் உருண்டாச்சு," என்றாள் அவர் மனைவி மேவிஸ். "நீயே இவ்வளவு நேரம் தூங்க மாட்டே."

ஆர்லோ மானிட்டரை விரலால் தட்டிப் பார்த்தார். விஸ்கான்சினில் ஒரு சின்ன ஊரின் குடிநீர்த் துறையில் முப்பத்தொரு வருடம் வீடு வீடாக மீட்டர் பார்த்தவர் அவர். எண் காட்ட வேண்டிய ஒன்று எண் காட்டாவிட்டால் அவருக்குப் பொறுக்காது. அதுவும் இன்றைக்கு!

போன மே மாதம், இன்று போகிற இதே ட்ரெய்லர் சங்கத்தின் கூட்டத்துக்குப் போகும் வழியில்தான், பிக்கப் வண்டிக்குப் பின்னால் அவர் இழுத்துச் செல்லும் வீட்டு ட்ரெய்லரின் டயர் வெடித்தது. வெடித்தது தெரியாமல், ரேடியோவில் போல்கா நடனப் பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டே அவர் இரண்டு மைல் ஓட்டிவிட்டார். பின்னால் வந்த லைல் ப்ராஸ்ட்தான் ஹார்னை அடித்து அடித்து நிறுத்தினான். அன்றிலிருந்து சங்கத்தில் எங்கே நெருப்பு மூட்டி உட்கார்ந்தாலும் லைல் அந்தக் கதையை ஆரம்பித்துவிடுவான். ரப்பர் பட்டை பட்டையாகப் பறந்ததைக் கையை வீசி நடித்தும் காட்டுவான்.

அந்த அவமானத்தில் ஆர்லோ குளிர்காலம் முழுக்க வீட்டின் கீழ்த்தளத்தில் தவம் இருந்தார். டயரின் காற்று குறைந்தால் ஓட்டுபவருக்கு முன்னால் அலறுகிற மானிட்டர்கள் சந்தையில் எத்தனை உண்டோ அத்தனையையும் அலசினார். சென்சார் வால்வு மேலேயே திருகுவதா, டயருக்குள்ளே வைப்பதா? பேட்டரியை நாமே மாற்றலாமா? இருபத்தாறு அடி ட்ரெய்லரின் கடைசிச் சக்கரத்திலிருந்து சிக்னல் ஓட்டுநர் இருக்கைவரை எட்டுமா? பதினோரு கருவிகள், பதினாலு கட்டங்கள், மதிப்பெண்கள் என்று ஓர் அட்டவணையே போட்டார்.

"என்னைக் கட்டிக்க நீ யோசிச்சது ரெண்டே வாரம்," என்றாள் மேவிஸ் ஒருநாள்.

"உனக்குப் போட்டியா பத்துப் பேர் இல்லையே," என்றார் ஆர்லோ. அன்று ராத்திரி அவருக்குக் கிடைத்தது ஆறிப்போன சூப்.

முதலிடம் பெற்ற கருவியை வாங்கி, போன வாரம்தான், ஒரே அச்சில் வார்த்ததுபோல் ட்ரெய்லர்கள் வரிசையாக நிற்கும் நிறுத்துமிடத்துக்குப் போய், ஈரத்தில் மண்டியிட்டு, நான்கு சென்சாரையும் தன் கையாலேயே திருகிவிட்டு வந்தார். இன்று மூன்று மணிக்கு ஏரிக்கரையில் அவருடைய உரை. தலைப்பு: 'உங்கள் ட்ரெய்லருக்கு எந்த மானிட்டர்?' அட்டவணையை நாற்பது பிரதி எடுத்து வைத்திருந்தார்.

காலையில் நல்ல மழை. நிறுத்துமிடத்து ஆள் ட்ரெய்லரை அங்கேயே வாசல்வரை இழுத்துவந்து விட்டிருந்தான். கொக்கியை மாட்டி, விளக்குகள் எரிகின்றனவா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள்.

"ஒருதடவை அணைச்சுப் போடேன்," என்றாள் மேவிஸ்.

ஆர்லோ ஓரங்கட்டி, அணைத்துப் போட்டார். அவசரத்தில் விரல் பக்கத்துப் பொத்தானில் அழுந்திவிட்டது. திரையில் கோடுகளும் போய், 'வணக்கம், மொழியைத் தேர்ந்தெடுக்கவும்' என்று வந்தது. கருவிக்கு எல்லாம் மறந்துவிட்டது.

"சரி, சென்சாரைக் கழட்டித் திரும்ப அறிமுகப்படுத்தணும்," என்று மழையில் இறங்கிப் போனவர், சக்கரத்தின் முன் குனிந்தார். நிமிரவில்லை. அடுத்த சக்கரத்துக்குப் போனார். சுற்றி வந்து மற்ற இரண்டையும் பார்த்தார்.

"மேவிஸ்! திருட்டு! நாலு சென்சாரையும் களவாண்டுட்டானுங்க!"

வால்வுகளில் சாதாரணக் கறுப்பு மூடிகள் இருந்தன.

"மூடி போட்டுட்டுப் போயிருக்கானே!" என்றாள் மேவிஸ் வியப்போடு. "நம்ம ஊர்த் திருடன்தான். வெளியூர்க்காரனா இருந்தா இந்த மரியாதை தெரியாது."

ஆர்லோ போலீஸுக்குப் போன் போட்டார். நாற்பது நிமிடம் கழித்து வந்து சேர்ந்தாள் கோல்பர்க் என்ற இளம் டெபுடி. தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட எழுதினாள்.

"என்ன காணோம் சார்?"

"சென்சார். நாலு. என் அட்டவணையில முதலிடம்."

"அட்டவணையா?"

ஆர்லோ ஒரு பிரதியைக் கொடுத்தார். அவள் அதைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டாள்.

"நேத்து வரைக்கும் ட்ரெய்லர் எங்க நின்னுச்சு?"

சொன்னார்.

"அங்க நேர்ல போய் விசாரிக்கிறேன். ஏரிக்கரையிலதானே இருப்பீங்க?"

"மானிட்டர் இல்லாம நான் ஏரிக்கரைக்கு எந்த முகத்தோட போறது?" என்றார் ஆர்லோ, அவளிடம் அல்ல, வானத்திடம்.

அடுத்த லாரி நிறுத்தக் கடையில் அவர் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய பட்டியலில் இருந்த கருவிகளில் ஒன்றே ஒன்றுதான் அங்கே தொங்கியது. பதினோராவது. கடைசி. அதன் எதிரே அவரே எழுதிய குறிப்பு நாற்பது பிரதியிலும் இருந்தது: 'எச்சரிக்கை ஒலி, கழுத்தில் கால் வைக்கப்பட்ட ஆடுபோல். யாரும் வாங்க வேண்டாம்.'

"வேற இல்லையா?" என்று கேட்டார்.

"வேற இருந்தா வேறதான் சார் தொங்கும்," என்றாள் கடைக்காரி.

வாங்கினார். மேவிஸ் எறும்பு எழுத்தில் இருந்த குறிப்பைப் படிக்க, அவர் திருகினார். முதலில் முன் இடது சக்கரம் பின் வலதாகப் பதிவானது. அதைச் சரிசெய்யப் போய் மேவிஸ் உட்கார்ந்திருந்த பிக்கப் வண்டியே மூன்றாம் சக்கரமாகப் பதிவானது. எல்லாவற்றையும் அழித்து மறுபடி தொடங்கினார்கள். சாண்ட்விச்சைச் சாப்பிட்டுக்கொண்டே திருகியதில் ஒரு வால்வில் கடுகுச் சட்னி ஒட்டியது. கடைசியில் நான்கு எண்கள் வந்தன. நான்கும் அறுபத்தைந்து.

"பார்த்தியா," என்றாள் மேவிஸ். "பதினோராவதும் பாஸ் பண்ணிடுச்சு."

"பேசாம வா. அவமானமா இருக்கு."

முப்பது மைல் போயிருப்பார்கள். ஆடு கத்தியது.

மேவிஸ் காபியை மடியில் கொட்டிக்கொண்டாள். பின் வலது: ஐம்பத்தெட்டு.

"பொய்," என்றார் ஆர்லோ. "இதோட மூஞ்சியே பொய். நான்தான் அப்பவே எழுதினேனே."

ஐம்பத்துமூன்று. ஆடு மறுபடி கத்தியது. ஆர்லோ கருவியை எடுத்து டாஷ்போர்டுப் பெட்டிக்குள் போட்டு மூடினார். உள்ளேயிருந்து கத்தியது.

"வண்டியை நிறுத்து."

"மணி ரெண்டே கால், மேவிஸ்!"

"ஆர்லோ. போன வருஷமும் ஏதோ சத்தம் கேக்குதுன்னு சொன்னேன். போல்காவோட டிரம்முன்னு சொன்னே. நிறுத்து."

நிறுத்தினார். இறங்கிப் போய்க் காதை வைத்தார். டயர் சீறிக்கொண்டிருந்தது. விரல் நீள ஸ்க்ரூ ஒன்று தலைவரை இறங்கியிருந்தது. இன்னும் பத்து மைல் ஓடியிருந்தால் போன மே மாதம் திரும்பி வந்திருக்கும்.

ஆர்லோ எழுந்து நின்றார். மழையில் மூக்குக்கண்ணாடி நனைந்திருந்தது. டாஷ்போர்டுப் பெட்டியைத் திறந்து, அந்தக் கருவியை எடுத்து, சட்டையில் துடைத்து, முன்கண்ணாடியின் நட்டநடுவில் நிறுத்தினார்.

"மன்னிச்சுக்கோ," என்றார்.

"என்கிட்டயா, அதுகிட்டயா?"

"வரிசையா வர்றேன்."

ஜாக்கி வைத்து, ஸ்பேர் டயரை மாட்டி, முட்டிவரை சேறோடு ஏரிக்கரையை அடைந்தபோது மூன்று அடித்து ஐந்து நிமிடம். கூடாரத்துக்குள் முப்பத்தெட்டுப் பேர் பொரித்த சீஸோடு காத்திருந்தார்கள். ட்ரெய்லரை வாசலிலேயே நிறுத்திவிட்டு ஆர்லோ நேரே மேடைக்குப் போனார்; மேவிஸ் பிரதிகளை எல்லோர் கையிலும் கொடுத்தாள்.

"டயர் வெடிச்சுதா ஆர்லோ?" என்று கத்தினான் லைல். "எந்தப் பாட்டுக்கு இந்தத் தடவை?" எல்லோரும் சிரித்தார்கள்.

ஆர்லோ ஸ்க்ரூவைத் தூக்கிக் காட்டினார். சிரிப்பு நின்றது.

"இது இன்னைக்கு என் டயர்ல இருந்தது. வெடிக்கல. ஏன்னா இது சொல்லிடுச்சு." கருவியை உயர்த்தினார். "நான் குளிர்காலம் பூரா உக்காந்து இதுக்குக் கடைசி இடம் குடுத்தேன். உங்க கையில இருக்கிற தாள்ல பாருங்க, ஆடுன்னு எழுதியிருக்கேன். ஆமா, ஆடுதான். ஆனா இந்த ஆட்டுக்குக் கத்தத் தெரியும். உங்களுக்கு எது வேணும், அழகான குரலா, முழு டயரா?"

மேவிஸ்தான் முதலில் கைதட்டினாள். பிறகு கூடாரமே தட்டியது.

"நான் டயரைக் கையால தொட்டே சொல்லுவேன்," என்றான் லைல். குரலில் முன்போல் சுருதி இல்லை.

"யோவ் லைல், ஓடுற வண்டியில எப்படிய்யா தொடுவே?" என்றார் ஆர்லோ.

அன்றைய கூட்டத்தில் அதுதான் பெரிய சிரிப்பு. அது அடங்கியதும் லைல் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காமல், "அந்த ஆடு எந்தக் கடையில கிடைக்கும்?" என்றான். ஒரு வருடமாகக் காத்திருந்த வார்த்தை. ஆர்லோ அதைச் சத்தமாகத் திரும்பச் சொல்லவைத்துக் கேட்டார்.

பதினாலு பேர் பெயர் கொடுத்தார்கள். சங்கத் தலைவர் ஆர்லோவை அடுத்த ஆண்டு முழுமைக்கும் 'டயர் ஆலோசகர்' என்று அறிவித்தார். சேறு காய்ந்த காற்சட்டையோடு, கையில் சீஸ் தட்டோடு, ஆர்லோ நிமிர்ந்து நின்ற அந்த நேரத்தில், வாசலில் நின்று உரையைக் கேட்டுக்கொண்டிருந்த டெபுடி கோல்பர்க் போனை அணைத்துக்கொண்டே கூடாரத்துக்குள் வந்தாள்.

"சென்சார் கிடைச்சுதா?" என்றார் ஆர்லோ, எல்லோருக்கும் கேட்கும்படி. "திருடன் யாரு?"

அவள் தொப்பியைக் கழற்றி, மிகவும் பணிவாகச் சொன்னாள்:

"நாலும் பத்திரமா இருக்கு சார், நிறுத்துமிடத்துல நிக்கிற உங்க ட்ரெய்லர்லயே. வாசல்ல நிக்குதே, இந்த ட்ரெய்லரோட சொந்தக்காரங்ககிட்ட இப்பதான் போன்ல பேசினேன், டயர் மாத்திக் குடுத்ததுக்கு உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாங்க."